சிபில் கெட்டுப்போனவர்களுக்கு கிரெடிட் கார்டு: எங்கிருந்து தொடங்குவது

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்று பார்த்துப் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அது கெட்டுப்போன ஒருவருக்கு கிரெடிட் கார்டு என்பது கைக்குப் பணம் வரும் வழி இல்லை. வாடகைக்கே இடிக்கிறது, அதனால் கார்டு வேண்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம், கடன் மேல் கடன்தான் ஏறும். இங்கே நான் சொல்லப்போவது வேறு வேலை. உங்கள் சொந்தப் பணத்தில் இருபது, இருபத்தைந்தாயிரத்தை ஒரு ஓரமாக முடக்கி, அதைக் காட்டி ஒரு கார்டு வாங்கி, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்று ஒரு பதிவை உண்டாக்கிக்கொள்வது. அந்தப் பதிவு இருந்தால் நாளைக்கு வண்டிக் கடனோ, பிள்ளை படிப்புக் கடனோ நியாயமான வட்டியில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இதை வடசென்னைக்காரர்களுக்காகத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் கடன் வாங்காத வீடு குறைவு, கட்டாமல் ஏமாற்றும் ஆளும் குறைவு. தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் வாங்கிக்கொண்டு, தினம் நூறு ரூபாயாக நூறு நாளும் தவறாமல் கட்டி முடித்த ஆட்கள் எத்தனையோ பேர். அது எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை. சேட்டுக் கடையில் வைத்து மீட்ட நகையும் ஏறாது, ஏலச்சீட்டும் ஏறாது. ஆனால் கடையில் வாங்கிய செல்போனுக்கு இரண்டு டியூ நின்றுபோனால் அது மட்டும் அச்சுப்போல ஏறிவிடும். ஆக தண்டலிலும் சீட்டிலும் நாம் ஒழுங்காகக் கட்டியது எதுவும் வங்கிக்குத் தெரியாது, டியூ தவறியது மட்டும்தான் தெரியும்.

ரிப்போர்ட்டை எடுங்கள், கார்டுக்கு அப்புறம் அலையலாம்

சிபில் என்று நாம் சொல்வது, நம் கடன் வரலாற்றை ரிப்போர்ட்டாகத் தொகுத்து ஸ்கோர் போடும் ஒரு நிறுவனத்தின் பெயர். அது போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஸ்கோர் 300-இல் தொடங்கி 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக வங்கிகள் முகம் கொடுத்துப் பேசும். கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் வராது, வரலாறு இல்லை என்று காட்டும். அது கெட்ட ஸ்கோர் இல்லை, வெற்றுப் பலகை. அப்படிப்பட்டவர்களுக்கும் கீழே சொல்லும் வழியே பொருந்தும்.

இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும், அது ரிசர்வ் வங்கி போட்ட விதி. அவர்களுடைய சொந்தத் தளத்துக்கே போய், பான் எண், பிறந்த தேதி, மொபைல் எண் கொடுத்து ஓடிபி போட்டால் வந்துவிடும். மாதச் சந்தா, வருடச் சந்தா என்று பெரிய பொத்தான்களாகக் கண்ணில் காட்டுவார்கள், இலவச ரிப்போர்ட் பொத்தான் எங்காவது கீழே சின்னதாகக் கிடக்கும், தேடி அமுக்குங்கள். கடன் ஆப்கள் மூலமாகவும் ஸ்கோர் பார்க்கலாம்தான், ஆனால் பார்த்த மறுநாளிலிருந்து லோன் வேணுமா சார் என்று ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இதைப் பலர் தப்பாக நம்பிக்கொண்டு பார்க்காமலே இருக்கிறார்கள்.

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்கு ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பது என் வழக்கம். டிபன் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் ரிப்போர்ட் நல்ல உதாரணம். மூன்று கடன். இரண்டு மகளிர் குழு லோன், இரண்டும் முடிந்துவிட்டன, மாதக் கட்டங்கள் முழுக்க 000, 000 என்று வரிசையாக நிற்கின்றன. 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை என்று பொருள். மூன்றாவது, தம்பிக்காக இவர் பெயரில் எடுத்த செல்போன் டியூ. அதில் பாதி வரை 000, அப்புறம் 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போகிறது. தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் அந்த எண். நின்றது மூவாயிரத்துச் சொச்சம். தம்பி கட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான், அக்காவும் நம்பிவிட்டார். "இந்த மூவாயிரத்துக்காடா எனக்கு லோன் இல்லன்னான்?" என்று கேட்டார். ஆமாம், அதுக்குத்தான்.

ரிப்போர்ட்டில் நான்கு விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று, இந்த மாதிரி ஏறிப்போன நாள் கணக்கு. இரண்டு, கடன் நிலை என்ற இடத்தில் ரைட்டன் ஆஃப் (வராக்கடன் என்று எழுதித் தள்ளியது) அல்லது செட்டில்டு (குறைத்துக் கட்டி முடித்தது) என்ற சொல். மூன்றாவது ஷூரிட்டி. யாருக்காவது கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடனும் உங்கள் ரிப்போர்ட்டில் ஜாமீன்தாரர் என்ற பெயரில் வரும், அவர் கட்டாவிட்டால் அடி உங்களுக்கும் சேர்த்துத்தான். நான்காவது, இது நம்மூருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும், பழைய லோன் ஃபாரத்தில் அதுவும் இருக்காது. இப்படி இருக்கும்போது அதே பெயரும் பக்கத்துப் பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் கடன் உங்கள் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்வது நடக்கிறது. தெரியாத வங்கி, தெரியாத முகவரி, தெரியாத கடன் இருந்தால் விடாதீர்கள்.

தப்பாக இருப்பதை அந்தத் தளத்திலேயே டிஸ்பியூட், அதாவது இது தப்பு என்று புகார், போடலாம், காசு கிடையாது. அவர்கள் தாங்களாகத் திருத்த மாட்டார்கள், கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்டுத்தான் திருத்துவார்கள், அதனால் அந்த நிறுவனத்துக்கும் ஒரு மெயில் தட்டிவிடுங்கள். 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. புகார் எண்ணை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பழைய பாக்கியை என்ன செய்வது

சின்னப் பாக்கி என்றால் யோசிக்காமல் முழுசாகக் கட்டுங்கள். பெரிய பாக்கி என்றால்தான் ஏஜெண்ட் வந்து அறுபதாயிரத்துக்கு முப்பது கொடுங்க முடிச்சுடலாம் என்பார். காது குளிரத்தான் கேட்கும். ஆனால் அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் முடிந்தது என்று வராது, செட்டில்டு என்று வரும். இந்த ஆள் முழுசாகக் கட்டவில்லை, நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று அடுத்த வங்கிக்குச் சொல்லும் முத்திரை அது, அதுவும் ஏழு வருஷமாவது கூடவே வரும். வேறு வழியே இல்லாதவர்கள் செட்டில் செய்துகொள்ளலாம், தப்பில்லை, தினமும் ஃபோனில் வசவு வாங்குவதற்கு அது மேல். பின்னாளில் கையில் காசு புரளும்போது தள்ளுபடி செய்த மீதியையும் கட்டி, முழுசாக முடிந்தது என்று மாற்றச் சொல்லிக் கேட்கவும் முடியும்.

எப்படிக் கட்டினாலும் சரி, தொகையும் தேதியும் எழுதிய கடிதம் நிறுவனத்தின் மெயிலில் வந்த பிறகு கட்டுங்கள். ஏஜெண்டின் சொந்த ஜீபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். கட்டியதும் பாக்கி இல்லை என்று எழுதிய நோ டியூ சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள். கடனை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டோம் என்றால் விற்றதற்கான கடிதத்தைக் கேளுங்கள். வசூலுக்குக் கூப்பிடுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பதும் விதிதான். 2025 ஜனவரியிலிருந்து நிறுவனங்கள் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், கட்டியது முன்னைவிடச் சீக்கிரம் ரிப்போர்ட்டில் ஏறுகிறது. ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள், ஏறாவிட்டால் மேலே சொன்ன டிஸ்பியூட்தான்.

இதற்கு நடுவில் சிபில் ஏற்றித் தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் செய்வது நீங்கள் காசில்லாமல் போடக்கூடிய அதே டிஸ்பியூட்தான். உண்மையான பாக்கியை யாராலும் அழிக்க முடியாது. பான், ஆதார் நகல் எல்லாம் கொடுத்துவிட்டு வந்தால் அந்த நகலை வைத்து வேறு எங்கே என்ன கடன் எடுப்பார்களோ, அது தனிக் கவலை.

எஃப்டி கார்டு

ஸ்கோர் மோசமாக இருக்கும்போது சாதாரண கார்டுக்கு வரிசையாக நாலைந்து இடத்தில் விண்ணப்பித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் ஒரு விசாரணையாகப் பதியும், இந்த ஆள் பணத்துக்குப் பறக்கிறான் என்று காட்டும், இருக்கிற ஸ்கோரும் இறங்கும். எம்.சி. ரோட்டிலும் மால் வாசலிலும் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு ஃபாரம் நிரம்பினால் போதும், உங்களுக்குக் கார்டு வருகிறதா என்பது அவர்கள் கவலை இல்லை. சிலர் இது நெகட்டிவ் ஏரியா (வங்கி கடன் கொடுக்கத் தயங்கும் பகுதி) சார், அதான் ரிஜெக்ட் என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். வங்கிகள் உள்ளுக்குள் என்ன பட்டியல் வைத்திருந்தாலும் உங்கள் ஸ்கோர் கணக்கில் பின்கோடு கிடையாது. புதுவண்ணாரப்பேட்டையில் இருப்பதால் ஸ்கோர் குறையாது, அடையாறில் இருப்பதால் ஏறாது.

எனவே கேட்க வேண்டியது எஃப்டி மேல் தரும் கார்டு. வங்கியில் எஃப்டி என்ற வைப்புத்தொகை ஒன்று போடுகிறீர்கள், வங்கி அதை நீங்கள் எடுக்க முடியாதபடி அதன் மேல் ஒரு பிடிமானம் போட்டுக்கொண்டு, தொகையில் முக்கால் பங்கிலிருந்து முழுசு வரை லிமிட் வைத்து கார்டு தருகிறது. நீங்கள் கட்டாவிட்டால் எஃப்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சம்பளச் சீட்டு கேட்பதில்லை, ஸ்கோரையும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர், துணிக்கடையில் ரொக்கச் சம்பளம் வாங்குகிறவர் எல்லோருக்கும் இது கிடைக்கும். எஸ்பிஐ கார்டின் உன்னதி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வாவ், ஆக்ஸிஸ் இன்ஸ்டா ஈஸி எல்லாம் இந்த ரகம். குறைந்தபட்ச எஃப்டி இருபது, இருபத்தைந்தாயிரம் என்ற அளவில் இருக்கும், சில இடங்களில் இன்னும் குறைவு. அடிக்கடி மாற்றுவார்கள், கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு இருக்கும் வரை எஃப்டிக்கு வட்டி வந்துகொண்டுதான் இருக்கும், பணம் சும்மா கிடக்காது.

கிளையில் இவற்றைக் கேளுங்கள்: ஆண்டுக் கட்டணம் உண்டா, எத்தனை சதவீதம் லிமிட், வட்டி மாதத்துக்கு எவ்வளவு, இந்தக் கார்டின் விவரம் சிபிலுக்குப் போகிறதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சிலர் கார்டு என்ற பெயரில் முன்பணம் ஏற்றிச் செலவழிக்கும் பிரீபெய்டு அட்டையைத் தலையில் கட்டுவார்கள், அதனால் ஸ்கோருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ரூபே கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள், யுபிஐ ஆப்பில் இணைத்து மளிகைக் கடை, மருந்துக் கடை கியூஆரிலேயே கட்டலாம், தேய்க்கும் மெஷின் வைத்திருக்கும் கடையைத் தேட வேண்டாம். ஆனால் ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப அது ஓடாது.

யாரும் சொல்லாத ஒன்று. எந்த வங்கியில் உங்களுக்குப் பழைய பாக்கி நிற்கிறதோ அந்த வங்கியில் எஃப்டி போடாதீர்கள். கார்டு கிடைப்பதற்கு முன்னாலேயே பழைய பாக்கிக்கு அந்தப் பணத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. வேறு வங்கிக்குப் போங்கள்.

பான், ஆதார், ஃபோட்டோ போதும். ஆதாரில் பழைய முகவரி இருந்தால் முதலில் மாற்றுங்கள். ஹவுசிங் போர்டில் இருப்பவர்கள் பிளாக் நம்பர், மாடி, பக்கத்தில் இருக்கும் கோயில் எல்லாம் சேர்த்து எழுதுங்கள், கூரியர்காரர் கதவு பூட்டி இருந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டால் மறுபடி கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கார்டு வந்ததும் ஆக்டிவேட் செய்துதர நாங்கள் வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஃபோன் வரும், ஓடிபி சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

எப்படித் தேய்ப்பது

லிமிட் இருபதாயிரம் என்றால் மாதம் ஐந்தாறாயிரத்துக்கு மேல் போகாதீர்கள், அதாவது முப்பது சதவீதத்துக்குள். முழு லிமிட்டையும் இழுத்துவிட்டு முழுசாகக் கட்டினாலும் ஸ்கோர் கணக்கு அதைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கும். எப்படியும் செய்கிற செலவை மட்டும் இதில் போடுங்கள்: கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், ரீசார்ஜ், வண்டிக்குப் பெட்ரோல். புதுச் செலவு எதுவும் இதனால் வரக் கூடாது. தேய்த்த அன்றே அந்தத் தொகையைத் தனிக் கணக்கிலோ அஞ்சறைப் பெட்டியிலோ எடுத்து வைத்துவிட்டால் கடைசி நேரத்தில் திண்டாட்டம் இல்லை.

பில் தேதி வேறு, கட்ட வேண்டிய தேதி வேறு. பில் 12-ஆம் தேதி போட்டால் ஏறக்குறைய அடுத்த மாதம் 1, 2 தேதிக்குள் கட்ட வேண்டியிருக்கும். உங்களுக்குக் கையில் காசு வரும் நாளுக்கு ஏற்றபடி பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டும்போது இரண்டு தொகை காட்டும், மொத்தம் என்று ஒன்று, குறைந்தபட்சம் என்று ஒன்று. இரண்டாவதைக் கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள். இருபதாயிரம் பாக்கி, குறைந்தபட்சம் ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 700 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126, மொத்தம் 826. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலில் கழிந்தது 174 ரூபாய்தான். அதோடு முடியாது, பாக்கி இருக்கும் வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். தண்டலையே நாம் வட்டி அதிகம் என்று திட்டுகிறோம், அதுவாவது நூறாம் நாள் முடிந்துவிடும்.

ஆட்டோ டெபிட் போட்டால் மொத்தத் தொகை என்பதைத் தேர்வு செய்தீர்களா என்று இரண்டு முறை பாருங்கள், பல ஆப்களில் தானாகவே குறைந்தபட்சம் என்று டிக் ஆகியிருக்கும். தேதி தவறிப்போனால் மூன்று நாளுக்குள் கட்டிவிடுங்கள், மூன்று நாள் தாண்டிய பிறகுதான் தாமதம் என்று பதியவும் லேட் ஃபீஸ் போடவும் முடியும். இதை அவகாசம் என்று எண்ணி ஒவ்வொரு மாதமும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சர்வர் ஒரு நாள் மக்கர் செய்தால் தெரியும்.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்காதீர்கள். கட்டணம் தனி, வட்டி முதல் நாளிலிருந்தே. கடையில் பொய்யாகத் தேய்த்து இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் தருகிறவர்கள் பக்கமும் போக வேண்டாம், கண்டுபிடித்தால் வங்கி கார்டையே முடக்கும். மச்சானுக்கு ஃபிரிட்ஜ் வாங்கக் கார்டைக் கொடுப்பது பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது, மேலே அந்த அக்காவின் தம்பி கதையைப் படித்தீர்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது என்று செலவு இருக்கும், வரவு இருக்காது. தடைக்கால நிவாரணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று நம்பிக் கார்டைத் தேய்க்க முடியாது. மார்ச் பில்லோடு சுத்தமாகக் கட்டிவிட்டு, அந்த இரண்டு மாதமும் ஒரு ரீசார்ஜ் மட்டும் போட்டுக் கார்டை உயிரோடு வைத்திருங்கள்.

ஒரு வருஷம் கழித்து

ஆறு மாதத்தில் ரிப்போர்ட்டில் 000 கட்டங்கள் வரிசை கட்டியிருக்கும், ஸ்கோர் நகர ஆரம்பித்திருக்கும். எவ்வளவு ஏறும் என்று எண் சொல்கிறவனை நம்பாதீர்கள், பழைய காயம் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது அது. ஒரு வருஷம் ஒழுங்காக ஓடிய பிறகு, கணக்கு வைத்திருக்கும் அதே வங்கியில் எஃப்டி இல்லாத கார்டு கேளுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். மறுத்தால் ஆறு மாதம் விட்டு அடுத்தது.

புதுக் கார்டு வந்த கையோடு பழையதை மூடாதீர்கள், அதன் வயசும் ஸ்கோருக்கு உதவும். ஆண்டுக் கட்டணம் கடிக்கிறது, அல்லது எஃப்டி பணம் தேவைப்படுகிறது என்றால் மூடலாம். பாக்கி முழுக்கக் கட்டிவிட்டு எழுத்தில் கேளுங்கள். 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், பாக்கி எதுவும் இல்லாத நிலையில் அதற்கு மேல் இழுத்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். மூடிய பிறகு எஃப்டி மேல் போட்ட பிடிமானத்தை எடுத்தார்களா என்று தனியாகக் கேளுங்கள், கார்டு பிரிவும் எஃப்டி பிரிவும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதே இல்லை. 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடலாம், ராஜாஜி சாலையில் இருக்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டியதில்லை. விவரம் கேட்க 14448, தமிழிலும் பேசுவார்கள்.